சிவப்புக் கதவு வைத்த மீன் கார்

முன்கதவைத் திறந்ததும் ஐஸ் தண்ணீர் ஊறிய ரப்பர் விரிப்பும் சூடை மீனும் சேர்ந்த ஒரு மணம் முகத்தில் அடிக்கும்… கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்தக் காரில் ஒரு தடவை ஏறினால் போதும். சோப் போட்டுக் குளித்தாலும் அது கூடவே வரும்.

அது அப்பா சூசையின் மீன் கார். பழைய ஸ்டேஷன் வேகன். பின் சீற்றைக் கழற்றிவிட்டு ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிகளை அடுக்கியிருந்தார். விடியற்காலையில் பேலியகொடைச் சந்தையில் மீன் எடுத்து, வெள்ளவத்தையில் ஒழுங்கை ஒழுங்கையாக வீடுகளுக்குக் கொடுப்பார். கார் முழுக்க வெளிறிய நீலம், இடது பக்கக் கதவு மட்டும் சிவப்பு. இடிபட்ட கதவுக்குப் பதிலாகப் பழைய சாமான் கடையில் கிடைத்தது. அதற்குப் பெயின்ட் அடிக்க அப்பாவுக்கு நேரமே வரவில்லை.

வெள்ளவத்தையில் பாதி வீடுகள் வெள்ளிக்கிழமை சைவம். அதனால் சனிக்கிழமை காலையில் கேற்றடியில் சட்டியோடு நிற்பார்கள். நாங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், ஆனால் அவர்களுடைய விரத நாட்கள் அப்பாவுக்கு அத்துப்படி. காரைப் பழுதுபார்ப்பதுகூட கந்தசஷ்டி விரதத்துக்குள்தான். அந்த நாட்களில் யாவாரம் குறைவு. விரதம் முடிந்து வரும் முதல் மீன் நாள்தான் அவருக்கு வருடத்திலேயே பெரிய நாள்.

அந்த வருடம் சஷ்டி தொடங்கும்போது கார் நீலப் புகை கக்கியது.

நான் அப்போதுதான் ஓட்டோமொபைல் கோர்ஸ் முடித்து ஒரு கராஜில் சேர்ந்திருந்தேன். கம்ப்ரெஷன் பார்த்தேன். பிஸ்டன் ரிங்ஸ் தேய்ந்து போய்விட்டன.

"அப்பா, எஞ்சின் செத்துப்போச்சு. இதை வித்துப்போட்டு வேற எடுப்பம்."

"ஒழுங்காப் பார்த்தியா?"

"பார்த்துட்டன். பிணத்துக்கு மருந்து கட்ட வேணாம்."

விற்றால்தான் அடுத்தது வாங்கலாம். விரதம் முடிவதற்குள் வாங்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சட்டிகள் எல்லாம் வேறு யாரிடமாவது போய்விடும்… அப்பா அரை மனதோடு சம்மதித்தார்.

விற்பதற்காகக் கழுவினோம். புளிப்பு மணம் வரட்டும் என்று தேசிக்காய் வெட்டித் தேய்த்தோம். அம்மா கோப்பித் தூளைத் துணியில் முடிந்து வைத்தார், சீற்றுக்கு அடியில் கறிக்குப் போடும் ரம்பை இலை செருகினார். விளைவு, கார் இப்போது மீன் குழம்பு மாதிரி மணத்தது.

முதலில் வந்தவர் கதவைத் திறந்தார், மூடினார், "ஒரு ஃபோன் கோல் வருது" என்று ரோட்டுக்குப் போனார். போனவர்தான். அடுத்தவர் ஓட்டிப் பார்த்தார்… தலையை வெளியே நீட்டிக்கொண்டே போய், அப்படியே திரும்பி வந்தார். அம்மா வீட்டுக்குள்ளே ஓடிப்போய்ச் சிரித்தார்.

மூன்றாவது ஆள் ரஞ்சன், மட்டக்குளியில் இருந்து. அப்பாவைப் போல அவரும் பேலியகொடையில் மீன் எடுப்பவர். ஏறி உட்கார்ந்தார். மூக்கைக்கூடச் சுருக்கவில்லை.

"நல்ல வாகனம் சூசையண்ண. நான் எடுக்கிறன்."

எனக்கு ஒரு பழக்கம். வாங்க வருபவருக்கு எல்லாப் பிழையையும் காட்டிவிடுவேன். பொனட்டைத் திறக்கப் போனேன்.

"என்னத்துக்கு தம்பி? மூடுங்க."

"எஞ்சினப் பார்க்க மாட்டீங்களா? எண்ணெய் குடிக்குது."

"அது கிடக்கட்டும். அண்ண, இந்தச் சிவப்புக் கதவுக்குப் பெயின்ட் ஒண்டும் அடிச்சிராதீங்க. அப்பிடியே தாங்க. சனிக்கிழமையில முதல்ல எந்த லேனுக்குப் போறது?"

அப்பா சந்தோஷமாக லேன்களைச் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. எஞ்சினைப் பார்க்காமல் கார் வாங்குகிறவன் காரை வாங்கவில்லை.

"அப்பா, நிப்பாட்டுங்க. இவருக்கு கார் வேணாம். உங்கட லேன்தான் வேணும். சிவப்புக் கதவக் கண்டா அன்ரிமார் நீங்க எண்டு நினைச்சு சட்டியோட வருவாங்க."

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு ரஞ்சனைப் பார்த்தார். ரஞ்சன் மறுக்கவில்லை. சிரித்தார்.

"யாவாரம்தானே அண்ண. உங்கட மகனுக்கு வாய் கூடிப்போச்சு."

"ஓம், கூடத்தான்," என்றார் அப்பா. "டீயக் குடிச்சிட்டுப் போ ரஞ்சன். கார் விக்கிறதில்ல."

அவர் போனதும் என் பக்கம் திரும்பினார். "செத்த எஞ்சின் எண்டு சொன்ன. இப்ப என்ன செய்யப் போற?"

"எஞ்சின்தானே செத்தது. அத மாத்துவம்."

பஞ்சிகாவத்தையில் பழைய வாகனச் சாமான் கடையொன்றில் ஒரு ரீகண்டிஷன் எஞ்சின் எடுத்தோம். கராஜ் நண்பர்கள் வந்தார்கள், அம்மா பாண், சம்பல், கட்டைப் பாரைக் குழம்பு கொடுத்தார். முழு ஞாயிற்றுக்கிழமையும் போனது. சாவியைத் திருப்பியதும் சத்தமில்லாமல் எழும்பியது பாருங்கள்…

விரதம் முடிந்த மீன் நாளில் நானும் கூடப் போனேன். பழைய இரைச்சல் இல்லாததால் முதல் லேனில் ஒருவரும் வெளியே வரவில்லை. பிறகு ஒரு அன்ரி மாடியில் இருந்து சிவப்பைக் கண்டுவிட்டார்.

"என்ன சூசை, களவெடுக்க வாற மாதிரி வாறீங்க? நிண்டுகொள்ளுங்க, தோரா மீன் இருக்கா?"

பத்து மணிக்குள் பெட்டிகள் காலி.

அந்தக் கார் இன்னும் பல வருடம் ஓடியது. தளம் துருப்பிடித்து ரோடு தெரியத் தொடங்கிய பிறகு பழைய இரும்புக்குப் போட்டோம்.

இப்போது எங்களிடம் வெள்ளை வான், உள்ளே குளிரூட்டி. அப்பா பேலியகொடையில் மீன் தெரிந்தெடுப்பதோடு சரி. ஓடர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும், சனிக்கிழமைகளில் நான் கொண்டுபோகிறேன். லொகேஷன் பார்த்துப் போய், மீனை கேற்றில் தொங்கவிட்டு, போட்டோ அனுப்பிவிட்டு வரலாம். வேகம், சுத்தம். குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

போன வாரம் அதே ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காரப் பெண், புதிதாகக் குடிவந்தவர், பையை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, நீங்க எந்த ஆப்?"

"ஆப் இல்ல அக்கா. சூசையின்ட மகன்."

"எந்த சூசை?"

ஃபோனில் அடுத்த வீட்டுக் கோல் அடித்துக்கொண்டிருந்தது. காத்திருப்பது எனக்குப் பிடிக்காது, மற்றவர்களைக் காக்க வைப்பதும்தான்… ஆனாலும் அந்த வெயிலில் நின்று, அவருக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.