காதில் மாட்டும் மைக்

பபேடான் கடைத்தெருவில் மைக் விற்கும் அந்தத் தமிழர் நம்மோடு பேசும்போதும் ஒரு காதிலிருந்து ஹெட்போனை எடுக்க மாட்டார். வெற்றிலை மெல்லும் வாய், சலவை மடிப்புக் கலையாத லோஞ்சி, அதாவது பர்மியக் கைலி. யார் பேச்சைத்தான் கேட்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் தேவாலயக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குக் காதில் மாட்டும் மைக்குகள் வாங்கப் போயிருந்தேன். என் இருபது வயது மகனுக்குத்தான் யோசேப்பு வேடம்.

“நடிக்கிறவங்களுக்கு என்ன வயசு அக்கா?”

இங்கே ராணுவம் இளைஞர்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போகிறது; துப்புக் கொடுக்கிறவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டுபோன பயமே எனக்கு இன்னும் தீரவில்லை.

“எல்லாம் சின்னப் பிள்ளைங்க அண்ணே. பத்து வயசுக்குள்ள.”

சிறிய அளவிலேயே எடுத்துக் கொடுத்தார். ஒத்திகையில் மகன் தலையைத் திருப்பும்போதெல்லாம் மைக் கழன்று விழுந்தது. மறுநாள் அதை மாற்றப் போனேன்.

“ஒண்ணு மட்டும் பெரிசா வேணும் அண்ணே.”

“பத்து வயசுல நல்ல வளர்த்தி அக்கா,” என்று சிரித்தபடி பெரியதை எடுத்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நாடகத்த ஃபேஸ்புக்ல போடாதீங்க. முகம் தெரியும்.”

நாங்கள் போடவில்லை. அவர் எச்சரித்தாரா, எல்லாம் தெரியும் என்று மிரட்டினாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை. நாடகத்தன்று யோசேப்பின் குரல் கணீரென்று கேட்டது. நான் மேடையைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.