பேக்கரிக்கு மேல் வீடு

போன சனிக்கிழமை, ஃபிரிஸ்கோவில் உள்ள ஸ்வீடன் நாட்டு ஃபர்னிச்சர் கடைக்குப் புத்தக அலமாரி வாங்கப் போயிருந்தோம். உள்ளே நுழைந்ததும் ஏலக்காய் பன் வாசனை. மகள் என் முகத்தைப் பார்த்து, "அப்பா, ஆர் யூ க்ரையிங்?" என்றாள். அலர்ஜி என்றேன். டெக்சாஸில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி.

உங்களுக்கு ஏலக்காய் என்றால் பாயசம் நினைவுக்கு வரும். எனக்கு சிகாகோவின் ஆண்டர்சன்வில். அந்தக் காலத்தில் ஸ்வீடன்காரர்கள் குடியேறிக் கடை போட்ட தெரு அது. நான் வேலைக்குப் போன புதிதில் அங்கே மிஞ்சியிருந்த சில ஸ்வீடன் கடைகளில் ஒன்று கரின் ஆன்ட்டியின் பேக்கரி. அதற்கு மேல்மாடியில்தான் என் வாடகை வீடு.

தினமும் காலையில் கடைக்காரர்கள் வெளியே வந்து நடைபாதையைப் பெருக்குவது அந்தத் தெருவின் பழைய வழக்கமாம். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், ஆன்ட்டி விடவில்லை. கோலம் ஒன்றுதான் போடவில்லை. நான் பிறந்தது எங்கள் ஊரில் ஸ்வீடன் பாதிரியார்கள் நடத்திய மிஷன் ஆஸ்பத்திரியில் என்று ஒருநாள் ஆன்ட்டியிடம் சொன்னேன். அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளுக்குத்தான், சிறுமியாக இருந்தபோது, தன் ஊர் சர்ச்சில் உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டி அனுப்பியதாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு ஒரு பன் கூடுதல்.

பிறகு கட்டட முதலாளிக்கு அவரைக் கிளப்ப வேண்டியிருந்தது. அதிகாலை மாவு மெஷின் சத்தம் மாடியில் இருப்பவர்களுக்குத் தொல்லை, அதனால் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டேன் என்றார். தொல்லை இல்லை என்று ஆன்ட்டி ஒரு கடிதம் தயார் செய்தார். மற்ற இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் மெஷினுக்கு நேர் மேலே படுப்பவன் நான். என் கையெழுத்து இல்லாமல் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

நியூஜெர்சியில் இருந்த நண்பன் செல்வராஜைப் போனில் கேட்டேன்.

"டேய், கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. எதுலயும் சைன் பண்ணாத. நாளைக்கு கேஸு கோர்ட்டுன்னு போனா உன் பேருதான் வரும்."

யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் நானும் காத்திருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் அவர் கண்ணில் படாமல் பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். இதற்கு எம்.எஸ். படித்த மூளை.

உண்மையில் அந்த மெஷின் ஓடத் தொடங்கினால் கீழே ஆள் இருக்கிற தைரியத்தில் நான் இன்னும் நன்றாகத் தூங்குவேன்.

குத்தகை போயிற்று. கடையைக் காலி செய்த அன்று ஆன்ட்டி மாடியேறி வந்து மன்னிப்புக் கேட்டார். இத்தனை வருடம் உன் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன், நீ மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறாய் என்றார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இட்ஸ் ஓகே ஆன்ட்டி" என்றேன்.

கிரீன் கார்டு இன்டர்வியூ பத்து நிமிடத்தில் முடிந்தது. நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒருமுறை சிகாகோ போனபோது அந்தத் தெருவுக்குப் போனேன். பேக்கரி இருந்த இடத்தில் யோகா ஸ்டூடியோ. நடைபாதை முழுக்கச் சருகு. பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன். கரின் ஆன்ட்டி முந்தைய குளிர்காலத்தில் இறந்துவிட்டாராம். கடைசிவரை என் தூக்கத்தைக் கெடுத்ததாகவே நினைத்துக்கொண்டு போயிருப்பார்.