இலையோடு போன அலைனர்

நாற்பத்தேழு வயதில் பல்லை நேராக்கப் போகிறேன் என்றதும் என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார்.

“எதுக்கு? பொண்ணு பாக்க வராங்களா?”

என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆறாம் வகுப்பிலிருந்தே எனக்கு முன்னால் நடந்து போகிறவை. மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பல் என்பது வலித்தால் பிடுங்குவது. அதை நேராக்கலாம் என்பதே எங்கள் தெருவுக்குத் தெரியாது. நான் உதட்டை இழுத்து மூடப் பழகினேன். கல்யாண ஆல்பம் முழுக்க எதையோ விழுங்கிவிட்டவள் மாதிரி நிற்கிறேன். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்கு எழும்பும், அந்தக் கையில் காய் நறுக்கும் கத்தி இருந்தாலும்.

இப்போது ஈறும் இறங்க ஆரம்பித்துவிட்டது. இப்படியே விட்டால் அந்த இரண்டும் ஆட ஆரம்பித்துவிடும் என்றார் டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. மேஜை மேல் இரண்டு பிளாஸ்டர் வாய்களை வைத்தார். ஒன்றில் பல்லுக்குப் பல் பொட்டு ஒட்டிக் கம்பி ஓடியது. இன்னொன்றில் எதுவுமே இல்லை என்று நினைத்தேன். அவர் நகத்தால் நெம்பியதும் பல்லின் மேலிருந்து ஒரு தண்ணீர்த் தோல் கழன்று வந்தது.

“ரெண்டும் பல்ல நகத்தும் ஆன்ட்டி. கம்பி, நீங்க மறந்தாலும் வேலை செய்யும். அலைனர் நீங்க போட்டாத்தான் வேலை செய்யும். இருபத்திரண்டு மணி நேரம் வாயில இருக்கணும். சாப்பிட, டீ குடிக்க மட்டும் கழட்டலாம்.”

“வெளியில தெரியாதுல்ல?”

“தெரியாது. ஆனா நீங்க எப்படி? ஒழுங்கா போடுவீங்களா?”

அந்தக் கேள்வியில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நான் பார்ப்பது பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்கக் கம்பிக்கதவுக்கு அந்தப்பக்கம் யாராவது ஒருவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் போடும் கம்பியைப் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் நான் உட்காருவதா? யாருக்கும் தெரியாமல் பல் நேராக வேண்டும். ஒருநாள் திடீரென்று, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்ததுபோல. அவ்வளவுதான் என் ஆசை. அலைனர் என்றேன்.

ஆனால் நான் ஓர் இடத்தில் இருக்கிறவளா? பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் எழுந்து நடக்கிறவள். நடந்தால் டீ, டீக்குப் பிறகு வேர்க்கடலை, கடலை தீர்ந்தால் கடல், கடலிலிருந்து திரும்பினால் மறுபடி டீ. இப்போது ஒவ்வொரு டீக்கும் தூணுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும், நகத்தால் கழற்ற வேண்டும், எச்சில் நூல் யார் கண்ணிலும் படாமல் டப்பாவில் வைக்க வேண்டும், குடித்துவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும். மூன்று நிமிட டீக்குப் பதின்மூன்று நிமிடம். இரண்டு வாரத்துக்கு ஒரு புது செட். ஒன்று முடிந்து அடுத்ததுக்கு மாறும்போது பழையதை வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். பத்திரமாக வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார்.

நான்கு மாதம் போனது. கணவரைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடியில் அந்த இரண்டு பற்களும் ஒரு நெல்லளவு உள்ளே போயிருந்தன.

அப்போதுதான் கனகசெட்டிக்குளத்தில் என் நாத்தனாரின் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. பஸ்ஸில் போகும்போதே டப்பாவை வீட்டில் விட்டுவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்ததும் குனிந்து, செருப்பைச் சரிசெய்வதுபோல மேல் அலைனர், கீழ் அலைனர் இரண்டையும் கழற்றி, கைதுடைக்கும் பேப்பரில் சுற்றி, இலையின் மேல்பக்கம், உப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வஞ்சிரக் குழம்பு. இறால் தொக்கு. என் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஓர் அம்மாள் ஏற்கெனவே வந்து அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மோர் ஊற்றும்போதே அவள் முழங்கால் நாற்காலியில் இடித்தது. இதைத் தாங்கி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னால் முடியாது. அள்ளி விழுங்கினேன், எழுந்தேன், எழும்போதே கை தன் வேலையைச் செய்தது. இலையின் மேல்பாதியை என் பக்கமாக மடித்து மூடினேன். கைகழுவப் போய்த் தண்ணீர் வாயில் பட்டதும் நாக்கு வெறும் பல்லைத் தொட்டது.

திரும்பி ஓடினேன். மேஜையில் விரித்த காகிதத்தோடு சேர்த்து இலைகளை எல்லாம் பாய்போலச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மண்டபத்துக்குப் பின்னால் இலைக்குவியல் இருந்தது. இரண்டு ஆடுகள் ஏற்கெனவே வந்திருந்தன. பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டு ஒவ்வோர் இலையாகப் பிரித்தேன்.

நாத்தனார் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். “என்னா அண்ணி தேடுறீங்க? கம்மலா?”

“இல்ல. பல்லுல போட்டிருந்தது.”

“ஐயையோ!” பெரிய மார்க்கெட்டில் பதினைந்து வருஷமாக மீன் கூவி விற்கும் குரல் அது. “யாராச்சும் வாங்களேன், அண்ணியோட பல்செட்டு எலையோட போயிடுச்சாம்!”

ஆறேழு பெண்கள் வந்தார்கள். உண்மையிலேயே தேடினார்கள், அதுதான் கொடுமை. “இந்த வயசுலயே அத்தன பல்லும் போச்சாக்கா?” என்று ஒருத்தி உருகினாள். நான் பல்லைக் காட்டினால் தீர்ந்திருக்கும். என் கையோ பழக்கப்படி வாயைப் பொத்திக்கொண்டது, இறால் தொக்கு நாறும் இலைச்சாற்றோடு. மேல் அலைனர் கிடைத்தது, ஆட்டுப் பற்கள் பதிந்து. கீழ் அலைனர் கிடைக்கவேயில்லை.

“புது செட் வர நாளாகும்,” என்றார் டாக்டர். “அதுவரைக்கும் பழையத மாட்டிக்கோங்க.”

பழையது குப்பைக்குப் போய்விட்டது என்றேன். அவர் கையுறையைக் கழற்றினார். திட்டியிருந்தால் தேவலை. புதியது வருவதற்குள் அந்த நெல்லளவும் கரைந்துவிடும் என்பது அவர் சொல்லாமலே புரிந்தது. இரண்டு நாளாகக் குடும்பத்துக்குள் நான் பொக்கைவாய்க்காரி. போன் பண்ணியவர்கள் எல்லாம் இட்லி சாப்பிட முடிகிறதா என்று விசாரித்தார்கள். யாரும் பல்செட்டுக்குக் கம்பி போட மாட்டார்கள் அல்லவா?

“கம்பியே போட்டுடுங்க,” என்றேன்.

கன்னத்தின் உட்புறம் கிழிந்தது. முதல் வாரம் கஞ்சி. அலுவலகத்தில் ஒரு தகப்பன் தன் மகளிடம், “பாரு, ஆபீஸ் மேடமே போட்டிருக்காங்க, உனக்கென்ன?” என்று என்னைக் காட்டினான். ஒரு சிறுமிக்கு உதாரணமாவதற்கா இவ்வளவு காலம் உதட்டை இழுத்து மூடினேன்?

ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் மீன் பக்கம் போனேன். நாத்தனார் சங்கராவைச் செதில் சீவிக்கொண்டிருந்தவள் என் வாயைப் பார்த்து நிறுத்தினாள்.

“ஏன் அண்ணி, கட்டுன பல்லும் ஆடுதா? கம்பி போட்டு இறுக்கியிருக்காங்களா?”

எனக்குள் ஏதோ அறுந்தது. கூடைகளுக்கு நடுவில் குனிந்தேன். வாயை முழுசாகத் திறந்தேன், ஈறும் கம்பியும் கடைவாயும் தெரிய. “இந்தா, இழுத்துப் பாரு. உன் பலம் கொண்ட மட்டும் இழு.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்பல்லைப் பிடித்து ஆட்டினாள். செதில் ஒன்று நாக்கில் ஒட்டியது. மீன் வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் கூடைக்காரி எழுந்தே வந்துவிட்டாள்.

“அட, சொந்தப் பல்லுதான்!” என்றாள் நாத்தனார். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். “அப்போ அன்னிக்கு எலையில என்னாத்ததான் தேடுனோம் நாம?”

அவள் விரல்கள் இன்னும் என் வாய்க்குள் இருந்தன.