தவராசா அண்ணையின் முதுகும் என் வாயும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தவராசா அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் வேலைத்தளக் கார் தரிப்பிடத்தில், காருக்குள் குனிந்திருந்து மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சீனி வருத்தக்காரனுக்கு ரோல்ஸ் கூடாதென்று வீட்டில் சட்டம். மனைவியின் தங்கைக்கும் அங்கேதான் வேலை. அதனால் அந்த ஒளிப்பு. அண்ணையின் மனைவி இந்திரா அக்கா அழைத்தார்.

“தம்பி, அவர் போயிட்டார்.”

வாய் நிறைய ரோல்ஸ். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. “ம்… ம்…” என்றேன். நான் அழுவதாக நினைத்து, புருஷனை இழந்த அந்த மனுஷிதான் என்னைத் தேற்றினார். “அழாதையும் தம்பி. கடைசியிலை நோவு தெரியாமல்தான் போனவர்.” எனக்கு உண்மையில் அழுகை வந்தது ரோல்ஸ் இறங்கிய பிறகுதான்.

அண்ணையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹவுன்ஸ்லோவிலிருந்து ஏர்போட்டின் சரக்குக் கொட்டகைக்குப் போய் நானும் அவரும் பத்தொன்பது வருடம் ஒரே ஷிப்டில் பெட்டி தூக்கினோம். நாற்பத்தொரு வயதில் ஒரு பெட்டியோடு அவருடைய முதுகுத் தட்டும் விலகியது. மூன்று மாதம் படுக்கை. பிசியோக்காரி “நடவுங்கள்” என்றாள். நடந்தார். “கொஞ்சம் வேகமாக நடக்கலாம்” என்றாள். அண்ணை அதை ஓட்டம் என்று விளங்கிக்கொண்டார். அவ்வளவுதான், பிறகு ஒருவராலும் அவரை நிறுத்த முடியவில்லை.

ஓட்டம் அவருக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஷிப்ட் தொடங்க அரை மணித்தியாலம் முந்தியே வந்து, ஓய்வறைத் தரையில் காட்போட் மட்டையை விரித்துப் படுப்பார். ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து இருபது எண்ணுவார். பிறகு மற்றக் கால். சப்பாத்து லேஸ் கட்டக் குனியமாட்டார், காலைத்தான் கதிரையில் தூக்கி வைப்பார். தும்மல் வந்தால்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தும்முவார். இவ்வளவும் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மைல் ஓடுவார்.

மட்டையில் கிடந்த மனிதரை நான் சும்மா விடுவேனா?

“அண்ணை, லேபல் ஒட்டிக் கொழும்புக்கு அனுப்பட்டோ?”

“ஒட்டடா. உடையிற சாமான் எண்டும் எழுதி ஒட்டு. உன்னை மாதிரி ஆக்கள்தானே அங்கையும் தூக்கப்போறாங்கள்.”

அவருடைய முதலாவது பதின்மூன்று மைல் பந்தயத்தன்று, எங்கள் கொட்டகையின் சிவப்பு ‘கவனம், உடையும் பொருள்’ ஸ்டிக்கரை, அவருக்குத் தட்டிக்கொடுப்பதுபோல நடித்து, பெனியனின் முதுகில் ஒட்டிவிட்டேன். அவருக்குத் தெரியாது. வழியெல்லாம் வெள்ளைக்காரர்கள் சிரித்துக் கைதட்டினார்களாம். தன்னை யாரோ பெரிய ஆள் என்று நினைத்துவிட்டார்களோ என்று அண்ணைக்குச் சந்தேகம். ஓடி முடித்ததும் பெனியனைக் கழற்றிப் பார்த்தார். அடி விழும் என்று ஒதுங்கினேன். “அடுத்த முறைக்கு நல்லாப் பசை உள்ளதாக் கொண்டு வா. ஒரு பக்கம் கழண்டு போச்சு” என்றார். அதற்குப் பிறகு ஸ்டிக்கர் இல்லாமல் அவர் ஓடியதே இல்லை.

இதுவரை எழுதியதை எந்தச் சபையிலும் சொல்வேன். இனி எழுதுவதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

போன வருடம் கோடைமுடிவில் ஒரு நாள், மட்டையில் படுத்தபடியே அண்ணை சொன்னார்: “இது அந்தப் பழைய முதுகு நோ இல்லையடா. வேறை நோ. படுத்தாலும் நோகுது. நித்திரையாலை எழுப்புது. வியாழக்கிழமை டொக்டரிட்டைப் போறன்.”

“வேறை நோவோ? அது வயசு போற நோ. டொக்டர் ஓட வேண்டாம் எண்டுதான் சொல்லுவார். அப்ப நீங்கள் ஓடுற அந்த மஞ்சள் சப்பாத்து எனக்கு.”

ஓய்வறையே சிரித்தது. அண்ணையும் சிரித்தார். அந்த வருடத்துப் பந்தயத்துக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருந்தது. மற்றக் காலையும் நெஞ்சுக்கு இழுத்து இருபது எண்ணினார். “அதுகும் சரிதான். ஓடி முடிச்சிட்டுப் போறன். போன் எடுத்து வேறை நாள் கேக்கவேணும்.”

“தாங்கோ, நான் கதைக்கிறன்.”

அவருடைய குரலை நான் அப்படியே பிடிப்பேன். அந்த மூக்குப் பேச்சையும், வசன முடிவில் வரும் அந்தச் செருமலையும் கேட்டால் அக்காவே ஏமாறுவார். அவருடைய போனை வாங்கி, அவருடைய குரலில், அவருடைய பிறந்த திகதியையும் சொல்லி, ரிசப்ஷன் பெண்ணோடு கதைத்தேன். வேறு நாள் கேட்கவில்லை. நோ முழுக்கச் சுகமாகிவிட்டது, இனி வரவே தேவையில்லை, நேற்றுப் பத்து மைல் ஓடினேன், உங்களையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு ஓடுகிறேன் என்றேன். பொடியள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணை “விடடா, விடடா” என்று கையை ஆட்டினார். நான் விடவில்லை.

பந்தயத்தை அவர் ஓடி முடித்தார். கடைசி மைலை இடுப்பில் கையூன்றி நடந்தே வந்தார். “இண்டைக்கு முதுகு என்னோடை ஓடேல்லையடா. எனக்கு முன்னாலை ஓடினது” என்றார். அதற்கும் ஏதோ பகிடி சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

பிறகு டொக்டர், ஸ்கான், ஆஸ்பத்திரி. புற்றுநோய், சிறுநீரகத்தில் தொடங்கி முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றார்கள். சித்திரை பிறக்க முன்பே முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்குத் தகனசாலையில் நாள் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்த நாட்களில் ஒரு பின்னேரம் இந்திரா அக்கா என்னைக் கூப்பிட்டு, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்த ஆள் ஒருவரிடம் கேளுங்கள் என்றேன்.

“படிச்ச ஆக்கள் தேவாரத்தையும் குறளையும் போட்டு எழுதுவினம். எனக்கு அந்தாள் வேணும்” என்றார். பிறகு தானாகவே சொன்னார்: “ஒண்டுதான் தம்பி எனக்கு ஆறேல்லை. டொக்டரிட்டை நோ எல்லாம் சுகமெண்டு தானே போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். கொம்பியூட்டரிலை கிடக்குதாம். ஓட்டப் பைத்தியத்திலை பொய் சொன்னனீங்களோ எண்டு ஆஸ்பத்திரிக் கட்டில்லை வைச்சு ஏசினனான். அந்தாள் ஒண்டும் பேசேல்லை. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்.”

அண்ணை என் பெயரை ஒரு சொல் சொல்லியிருந்தால் அவருக்கு அந்த ஏச்சு இல்லை. கட்டில் பக்கத்தில் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டு எத்தனை நாள் இருந்திருக்கிறேன். என்னிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“அக்கா, அது அண்ணை இல்லை. நான்” என்றேன். முழுவதையும் சொன்னேன்.

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். சுவரில் இருந்த அண்ணையின் படத்தைப் பார்த்தார். “அப்ப அந்தாள் பொய் சொல்லேல்லை” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இதையும் எழுதும். பகிடியளை மட்டும் எழுதிப்போட்டுத் தப்பாதையும்” என்றார். என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

எழுதிவிட்டேன் அக்கா.

செத்தவீட்டன்று காலை ஷிப்ட் முடித்து வேலைச் சட்டையோடேயே நேரே போனேன். எல்லோரும் பூப் போட்டார்கள். என் முறை வந்ததும் பெட்டிக்குள் நன்றாகக் குனிந்து அண்ணையின் காதோடு சொன்னேன்: “அண்ணை, அக்காட்டைச் சொல்லிப்போட்டன். நீங்கள் இனி எனக்காண்டி ஒண்டையும் மறைக்கத் தேவையில்லை. போயிட்டு வாங்கோ.” என் சொந்தக் குரலில்தான் சொன்னேன். பிறகு பெட்டியை மூடினார்கள். திரைக்குப் பின்னால் அது மெல்ல நகர்ந்துபோனது.

மறுநாள் காலை ஏர்போட் வாசலில் சட்டைப் பையைத் தடவினேன். உள்ளே போகக் காட்டும் பாஸ் இல்லை. அண்ணையின் பெட்டிக்குள் குனிந்தபோது பூக்களுக்குள் விழுந்திருக்கிறது. புதிய பாஸுக்கான படிவத்தில், பழையது இப்போது எங்கே என்று ஒரு கேள்வி. தகனமாகிவிட்டது என்று எழுதினேன். ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். புதியது வர ஒன்பது நாள் எடுத்தது. அதுவரை கழிவறைக்குப் போகவும் எனக்குத் துணையாக ஒரு காவலாளி வந்தார்.