வானவடி கோயிலில் என் வலது செருப்பு

இன்று காலை, நாங்கள் குடியிருக்கும் வெளிமாநில ஊரில், வானவடி முருகன் கோயில். வழக்கம்போல் இடது செருப்பை மரத்தடியிலும் வலதைக் குழாயடியிலும் விட்டேன். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடனும் தொட மாட்டான்.

கணவர் தன் புதுச் செருப்பை ஜோடியாக வைத்தார். "சாமி வாசல்ல என்ன பயம் உனக்கு?"

தரிசனம் முடிந்து வந்தால் வலதைக் காணோம்.

புது வாட்ச்மேன், குழாயடியில் அநாதையாகக் கிடந்த ஒற்றைச் செருப்புகளையெல்லாம் பொறுக்கிக் கோணியில் போட்டிருந்தார். எதிரே, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஏழெட்டுத் தமிழர்கள்.

"க்யா மேடம், உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே கால்தானா?" என்றார் இந்தியில்.

போட்டுக் காட்டினால்தான் தருவாராம். கதைகளில் ராஜகுமாரனே செருப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவான். இங்கே நாங்கள் கோணிக்கு முன்னால் வரிசையில் நின்று காலை நீட்டினோம். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

என்னுடையது கிடைத்தது. போட்டுக்கொண்டு திரும்பினேன். அவர் சிரிப்பு நின்றிருந்தது.

புது ஜோடியைக் காணோம்.

நான் ஸ்கூட்டரை ஓட்ட, அவர் பின்னால் வெறுங்காலோடு உட்கார்ந்து வந்தார். எங்கள் வீட்டு வாசலில் என் செருப்பை ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமுமாகக் கழற்றிவிட்டேன்.

நீங்கள் எந்தக் கட்சி? அவர் கமெண்ட்டைப் படிப்பார், பார்த்துச் சொல்லுங்கள்.