சுமலதாவின் தொண்ணூற்று மூன்று டிகிரி

கவுஞ்சி மலைக் கிராமத்து வேலுசாமியின் மகள் சுமலதாவுக்கும் இயற்பியல் பட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு முட்டுக்கட்டைதான் இருந்தது, செய்முறைத் தேர்வு. காகித அட்டை எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்று நீராவியை வைத்து அளக்கிற சோதனையில் போன வருடம் அரியர். இந்த முறையும் குலுக்கலில் அதே சோதனைதான் விழுந்தது. தேறாவிட்டால் பி.எட். இடம் போய்விடும்; அப்பா பூண்டுக் காட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்.

போன வருடம் தோற்ற கதையைச் சொன்னால் சிரிப்பு வரும். அந்தக் கொடைக்கானல் கல்லூரியில் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டு பரம்பரைச் சொத்துபோல் கைமாறும். அதில் நீராவியின் வெப்பநிலை தொண்ணூற்றெட்டு. மலைக்குக் கீழே எந்தக் கல்லூரியில் எந்தப் புண்ணியவான் எடுத்த அளவோ! சுமலதாவும் அதையே எழுதினாள். தேர்வாளர் தெர்மாமீட்டரைப் பார்த்தார். அது தொண்ணூற்று மூன்று காட்டியது. காப்பியடித்தவளுக்கு மதிப்பெண் கிடையாது என்று போய்விட்டார்.

ஆகவே இந்த வருடம் கண்ணால் கண்டதை எழுதினாள். திண்டுக்கல்லிலிருந்து முதல்முறையாக மலையேறி வந்திருந்த தேர்வாளர் ராஜ்மோகன் அந்தத் தொண்ணூற்று மூன்றைச் சிவப்பு மையால் அடித்தார்.

"தண்ணி இன்னும் கொதிக்கலயேம்மா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"அரை மணி நேரமா கொதிச்சிட்டேதாங்க சார் கெடக்கு."

"அப்ப தெர்மாமீட்டர் கோளாறு. வேற வாங்கு."

ஆய்வக உதவியாளர் உபகாரம் இன்னொன்றைக் கொடுத்தார், அப்புறம் மூன்றாவதையும். எல்லாமே தொண்ணூற்று மூன்றுதான். இல்லாததை எழுதினாலும் அடி, உள்ளதை எழுதினாலும் அடி! சுமலதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

"சார், எங்க வீட்ல குக்கர் இல்லாட்டி பருப்பு வேகாதுங்க. தண்ணி தளதளன்னு கொதிக்கும், பருப்பு கல்லாட்டம் கெடக்கும். இங்கன தண்ணி கொதிக்கிறதே அந்தக் கொறஞ்ச சூட்டுலதாங்க!"

சொன்ன பிறகு அவளே திகைத்துப்போனாள். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்று முதல் வருடமே மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கியவள்தான். அது தன் வீட்டு அடுப்பைப் பற்றிய சேதி என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"இந்த ஊர் எவ்வளவு உயரம்?" என்றார் ராஜ்மோகன்.

"ரெண்டாயிரத்து நூறு மீட்டருங்க சார்."

அவர் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். தொண்ணூற்று மூன்றுதான் வந்தது. பிறகு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"காலைல லாட்ஜ்ல அவிச்ச முட்டை கேட்டேம்மா. மஞ்சக்கரு நடுவுல இன்னும் கொழகொழங்குது. பத்து நிமிசம் வேகவச்சேன்னு அந்தச் சமையக்கார மனுசன் சத்தியம் பண்றாரு. பொய் சொல்றியான்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்."

உபகாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ராஜ்மோகன் தான் போட்ட சிவப்புக் கோட்டைத் தானே அடித்துக் கையெழுத்திட்டு, ஐம்பதுக்கு நாற்பத்தாறு போட்டார்.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்று முனகினார்.

"கேளுங்க சார். அப்படியே, நாளைக்கிப் பதினஞ்சு நிமிசம் வேகவைக்கச் சொல்லுங்க" என்றாள், இயற்பியல் பட்டதாரி சுமலதா.