ஜன்னலோரச் சீட்டில் ஒரு மாஸ்க்

ஜலால் பாய் இறந்துபோன செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகும் நாம் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் ‘காலை வண்டி’ குழுவில், இன்றைக்கு வண்டி லேட், ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்கிற சங்கதிகளுக்கு நடுவே, “நம்ம ஜலால் பாய் மவுத் ஆயிட்டாரு, பரங்கிப்பேட்டையில அடக்கம்” என்று ஒரு வரி. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒரு கையைப் போட்டேன். போட்டுவிட்டு மேசையில் இருந்த பில் ஒன்றைச் சரிபார்த்துக் கையெழுத்தும் வைத்தேன். அதற்குப் பிறகுதான் யாருக்கு அந்தக் கையைப் போட்டேன் என்பது உறைத்தது. எழுந்துபோய் அலுவலகக் கழிவறையின் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்று மாலையே குழுவில் கேட்டீர்கள். “நீங்கதான அவருக்கு ரொம்ப நெருக்கம், ஒண்ணு எழுதுங்க சார்.” நெருக்கம் என்ற சொல்லைப் படித்தபோது எனக்குக் காது சூடானது. எழுதுகிறேன். ஆனால் நல்லவர், பண்பானவர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்று மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். அதெல்லாம் உண்மைதான். எனக்குத் தெரிந்த உண்மை இன்னொன்று இருக்கிறது. அதில் நானும் இருக்கிறேன் என்பதுதான் சங்கடம்.

அவரை அறியாத சிலரும் இப்போது குழுவில் இருப்பதால் சொல்கிறேன். ஜலால் பாய் சிதம்பரம் கீழவீதியில் ஒரு மின்சாதனக் கடையில் விற்பனையாளராக இருந்தார். மிக்சி, கிரைண்டர், ஃபேன். “மிக்சி வாங்க வர்றவங்க மிக்சியப் பாக்கறதில்ல, அது போடற சத்தத்தத்தான் பாக்கறாங்க” என்பார். சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. குடியிருந்தது திருப்பாதிரிப்புலியூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அதனால் வண்டி கிளம்பும் இடத்திலேயே ஏறிவிடுவார். நான் முதுநகரில் ஏறுகிறவன். அங்கே வண்டி வரும்போது கம்பியில் கை வைக்க இடம் கிடைத்தாலே பாக்கியம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், அதிசயமாக ஜன்னலோரம் ஒரு சீட்டு காலியாக இருந்தது. பாய்ந்து உட்கார்ந்தேன். படிக்கட்டுப் பக்கம் நின்று டிரைவரோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி வந்தார். “எழுந்திரு தம்பி. நீ உக்காந்திருக்கறது சீட்டு மேல இல்ல, என் கர்ச்சீப் மேல.” எழுந்தேன். இடம் பிடிக்கப் போட்டிருந்த கைக்குட்டை எனக்கு அடியில் கசங்கிக் கிடந்தது. அவர் அதை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். “சரி, நீயே ஜன்னல்ல உக்காரு. கர்ச்சீப்பையே பங்கு போட்டுக்கிட்டோம், இனிமே நீ மாப்ள.” நான் மாமா என்றேன். எங்கள் பக்கத்தில் மாமன் மச்சான் முறைக்கு மதம் பார்ப்பதில்லை. விளையாட்டாக வைத்துக்கொள்வோம், கொஞ்ச நாளில் அது நிஜமாகிவிடும். மறுநாளிலிருந்து அந்தக் கைக்குட்டை எனக்காக விழுந்தது.

அவருக்கு இழுப்பு உண்டு. மழைக்காலத்தில் ஜாஸ்தியாகும். சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அதற்கு விசில் என்று பேர் வைத்திருந்தார். இருமல் முட்டும்போது எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “விசில் அடிச்சாச்சு, வண்டி போலாம் ரைட்” என்பார். வண்டியில் இருந்த எல்லோரும் சிரிப்போம். அந்த இருமல் எங்கள் யாருக்கும் இருமலாகவே கேட்டதில்லை.

பிறகு கொரோனா வந்தது. வண்டிகள் நின்றன, ஓடின, மறுபடி நின்றன. இரண்டாவது அலையில் பண்ருட்டியில் என் மனைவியின் அண்ணன் போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. தூரத்தில் நின்று ஒரு பொட்டலத்தைப் பார்த்தோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று இறுகிவிட்டது. மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியபோது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு ஏறினேன். வண்டியில் ஆளுக்கொரு தினுசு. மூக்கை வெளியே விட்டவர்கள், தாடைக்குக் கொடுத்தவர்கள், செக்கிங் வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் வைத்திருந்தவர்கள். ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் என்னைக் கொல்ல வருகிறவர்களாகவே தெரிந்தார்கள்.

ஜலால் பாய் மட்டும் ஒழுங்காக மாஸ்க் போட்டிருந்தார். ஜன்னலோரச் சீட்டிலும் ஒரு மாஸ்க் கிடந்தது. “கர்ச்சீப்ப எடுத்து அந்தாண்ட வெச்சிட்டு உக்காந்துடறானுங்க மாப்ள. மாஸ்க்கப் போட்டா ஒருத்தன் கை வெக்க மாட்டான். புதுசுதான், பயப்படாத.” அப்படியும் நான் பையிலிருந்து சானிடைசரை எடுத்து சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் ஏறியபோது சீட்டு ஏற்கெனவே துடைத்து ஈரமாக இருந்தது.

இனி அந்த நாள். உங்களில் சிலர் அன்று வண்டியில் இருந்தீர்கள். கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்த நேரம், நல்ல மழை, ஜன்னல்களை எல்லாம் இறக்கி விட்டிருந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் அவருக்கு இருமல் பிடித்தது. நிற்கவில்லை. மூச்சு கிடைக்காமல் மாஸ்க்கைக் கீழே இழுத்தார். முன் சீட்டிலிருந்து ஒருவர், “யோவ், மாஸ்க்க மாட்டுய்யா, புள்ளைங்க இருக்குதில்ல” என்று கத்தினார். அடுத்து இன்னொருவர். பின்னால் இருந்த பெண் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினார். நடத்துனர் வந்தார். “பெரியவரே, கோவிச்சுக்காதீங்க, எறங்கி அடுத்த வண்டில வந்துடுங்க. யாரு சார் இவரு கூட வந்தது?”

கேட்டது என்னைப் பார்த்துத்தான். அவருடைய தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. இது பழைய இழுப்பு, எத்தனையோ வருஷமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு அது தெரியும். அந்த வண்டியில் மற்ற யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிவிட்டுக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்தேன்.

பதிலை அவரே சொன்னார். “யாரும் வரல தம்பி. நான் தனியாத்தான் வந்தேன்.” புதுச்சத்திரத்தில் இறங்கிக்கொண்டார். மழையில் நின்று இன்ஹேலரை வாயில் வைப்பது தெரிந்தது. நடத்துனர் விசில் கொடுத்தார், வண்டி நகர்ந்தது. அவருடைய சாப்பாட்டுப் பை என் காலடியில் கிடந்தது. சிதம்பரத்தில் இறங்கியதும் நேராக அவர் கடைக்குப் போய், அவர் வந்து சேர்வதற்குள் கல்லாவில் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். அதையும் ஒரு உதவி என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதுநகரில் ஏறும்போது கால் கூசியது. ஜன்னலோரச் சீட்டில் வழக்கம்போல மாஸ்க் இருந்தது. பக்கத்தில் அவர் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே கையைக் காட்டி, “சார், உங்க எடம்” என்றார்.

சார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சில நாள் கழித்து, இறங்கும்போது “அன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன். “அதுல என்ன சார், பஸ்ஸுன்னா நாலும் இருக்கும்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறியதும் மாப்ள என்பார் என்று நினைத்துக்கொண்டேன். நானாக வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். தப்பு செய்தவன் காத்திருக்கிற அழகைப் பாருங்கள்.

அவர் மகள் நிக்காஹ் பரங்கிப்பேட்டையில் நடந்தது. அழைத்தார். “கூட்டமா இருக்கும், வீட்ல பயப்படறாங்க” என்று மனைவிமேல் பழியைப் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு டிபன் கேரியரைக் கொண்டுவந்து என் சீட்டில் வைத்தார். “பிரியாணி சார். உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சது, யாரும் கை படல.” அந்தக் கடைசி மூன்று வார்த்தைகளை அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். குத்தியது என்னவோ நிஜம்.

பிறகு எல்லாம் சகஜமானது. முதலில் இரண்டு மாஸ்க் ஒன்றானது, அப்புறம் அதுவும் போனது. திருப்பதி போனேன், ஊட்டி போனேன், பண்ருட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் முட்டி மோதி இடம் பிடித்துச் சாப்பிட்டேன். பயம் எப்போது போனது என்றே தெரியவில்லை. ஆனால் காலையில் முதுநகரில் நம் வண்டி திரும்புவது தெரிந்தால் மட்டும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டுதான் ஏறுவேன். நீங்கள்கூடக் கிண்டல் செய்திருக்கிறீர்கள், “சாருக்கு இன்னும் கொரோனா முடியல” என்று. நோய்க்காக இல்லை. கடைசி வரிசையிலிருந்து பார்க்கும் அந்த மனிதருக்கு முழு முகத்தைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணை மட்டும் காட்டுவது சுலபமாக இருந்தது.

அப்புறம் அவருக்கு முடியாமல் போய், வேலையை விட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டைக்கே குடிபோனார். கடைசி நாளும் என் சீட்டில் மாஸ்க் கிடந்தது. “ஒரு நாள் வீட்டுக்கு வாங்க சார்” என்றார். முட்லூரில் இறங்கி மினி பஸ் ஏறினால் போய்விடலாம். தினமும் காலையிலும் மாலையிலும் முட்லூரைத் தாண்டித்தான் போகிறேன். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பழக்கதோஷத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன். அவர் மகன் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது என்றான். அவர் மனைவி இத்தாவில் இருந்தார். கணவர் போனபின் அந்தச் சில மாதங்கள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். உள் அறையின் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்டது. “யாருப்பா வந்திருக்கறது?”

“வாப்பா கூட பஸ்ஸுல போவாங்கல்லம்மா, அவங்க.”

“மாப்ளயா? மொதல்ல டீ குடு அவுருக்கு.”

மகன் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். “உங்க பேரே எங்களுக்குத் தெரியாது சார். வாப்பா வீட்ல மாப்ளன்னுதான் சொல்லுவாங்க.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “என்னை சார்னுதான் கூப்பிடுவார்” என்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா சொன்னார். “அது பஸ்ஸுல. ஒரு நாளு எறக்கி விட்டுட்டாங்களாமே, அன்னைக்கு வந்து சொன்னாங்க. ‘மாப்ள ஊட்ல ஒரு சாவ பாத்தவரு, பயந்து கெடக்கறாரு. நான் மாப்ளன்னு கூப்புட்டா அவரயும் என் கூட சேத்து எறக்கி வுட்ருவானுங்க. அதான் நாளையிலேருந்து சாரு, தள்ளி உக்காந்துக்கறேன்’னாங்க. நோய்தான் ஓஞ்சி போச்சே, இன்னும் ஏங்க சாருங்கறீங்கன்னு நானும் கேட்டுட்டேன். ‘மாப்ளைக்கு இன்னும் பயம் போவல, என்னப் பாத்தா மாஸ்க் போட்டுக்கறாரு, என்னைக்கு அவரு அதக் கழட்டறாரோ அன்னைக்குக் கூப்புடறேன்’னாங்க.”

கழற்றினேன். அந்த வீட்டின் நடுவில், அவர் மகன் முன்னால், திரைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி இருக்க, காதிலிருந்து வாரை எடுத்து மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கூப்பிட ஆள் இல்லை. டீ வந்தது. குடித்தேன். அழுதேன் என்று சொன்னால் அதற்கும் உங்களிடம் அனுதாபம் கிடைத்துவிடும், அதனால் அதை இங்கே விரிக்கவில்லை.

இரண்டு பேரும் காத்திருந்திருக்கிறோம். நான் அவர் கோபம் ஆறட்டும் என்று, அவர் என் பயம் தீரட்டும் என்று. அவரிடம் கோபமே இருந்ததில்லை. என்னிடம் பயம் எப்போதோ போய்விட்டது. நடுவில் இருந்தது என் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுத் துணி. அதைக் கழற்ற எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்காது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சொல். அது எனக்காகத்தான் வைக்கப்பட்டிருந்தது, கைக்கு வராமலே போனது. இனி என்னை அப்படி யாரும் கூப்பிடக் கூடாது என்று நினைக்கிறேன். தயவுசெய்து விளையாட்டுக்கும் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். இதை எழுதுவதே அதற்காகத்தான். அன்று வண்டியில் இருந்தவர்களே, நடத்துனர் கேட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். தாமதமாகச் சொல்கிறேன். அவர் என் கூட வந்தவர்தான். சரியாகச் சொன்னால், நான்தான் அவர் கூட வந்தவன். எனக்கு இடம் போட்டு வைத்திருந்தது அவர்.